அவள் காதுக்கு என் அளவு

...இல்லை, பதினான்கை இன்னும் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தால் எதிரில் இருக்கும் பெரியவர் என்னைப் பார்த்திருப்பார், அவர் கையில் பதினைந்தாம் டோக்கன், நான் உள்ளே போய் வந்தால்தான் அவர் போக முடியும், ஆகையால் என் எண்ணுக்காக என்னைவிட அதிகமாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவர்தான், அந்தக் காதுக்கு எவ்வளவு கேட்குமோ, காது பரிசோதிக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னொருவர் காதை நம்பி இருப்பது எனக்கே சிரிப்பாக இருக்கிறது, சிரிக்கவில்லை. மணி பதினொன்றேகால். வெளியே ஆஸ்டின் டவுன் பக்கம் திரும்புகிற பஸ்களின் சத்தம், அதில் அடிச்சத்தம் மட்டும் வருகிறது, என்ஜின், தரை அதிர்வது, ஹாரன் வலது பக்கம் வருகிறது, இடது பக்கம் எப்போதும் போல அந்த ஒரே ஊ... டிரான்ஸ்பார்மருக்குக் கீழே நிற்பது போல, எட்டு மாதமாக அந்த டிரான்ஸ்பார்மரைத் தலைக்குள் வைத்துக்கொண்டு நடக்கிறேன், யாருக்கும் தெரியாது. இன்னும் அரை மணி நேரத்தில் அதை ஒரு காகிதத்தில் கோடாக வரைந்துவிடுவார்கள். அந்தக் கோடு கீழே விழுந்தால் நான் கோலாலம்பூருக்குப் போகமாட்டேன், சிங்கப்பூர், தோஹா, லண்டன், டொராண்டோ எதற்கும் போகமாட்டேன், ஏழு வாரம், பதினொரு ஊர், பாடகி நிக்கோலின் புது ஆல்பத்துக்கான சுற்றுப்பயணம், இன்னும் ஒன்பது நாளில் விமானம், போஸ்டர் முழுவதும் அவள் முகம், அவள் காதுக்குள் நான்.

டெஸ்மண்டுக்கு இதெல்லாம் வெறும் தாள். டூர் மேனேஜர், விவேக் நகர்க்காரர், எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டு திரிகிறவர். வெளிநாட்டு ஏற்பாட்டாளர்களின் நிபந்தனை, காதில் கருவி மாட்டி வேலை செய்கிற ஒவ்வொருவரும் செவிப் பரிசோதனை செய்த தாளைக் கொடுக்க வேண்டும், பாடுகிறவரைத் தவிர, பாடுகிறவருக்கு எதுவுமே கட்டாயமில்லை. "ஏன் மேன் இழுக்கிறே, எல்லாரும் குடுத்துட்டாங்க, டிரம்ஸ்காரனே பாஸ் ஆய்ட்டான், அவனுக்கே காது இருக்குதுன்னா உனக்கு இல்லாம போய்டுமா" என்றார் போன வாரம். முதல் முறை ஜுரம் என்றேன். இரண்டாவது முறை ஓசூரில் ஒரு வேலை, திரும்பும்போது அத்திபெலே டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன் என்றேன். மூன்றாவது முறை... மூன்றாவது முறை இந்த வாசல்வரை வந்து, செருப்பைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டேன். இன்று கடைசி நாள். செருப்பைக் கழற்றியாயிற்று.

அப்பாவுக்கு ஒரு வரி அனுப்பிவிடலாம். எங்கள் வீட்டில் இது ஒரு ஏற்பாடு, அப்பாவுக்குக் கேட்காது, போனில் பேசினால் அவர் பாட்டுக்கு ஒன்று சொல்வார், நாம் பாட்டுக்கு ஒன்று சொல்வோம், எனக்குத் தமிழில் டைப் அடிக்க வராது, அதனால் நான் போனிடம் பேசுகிறேன், போன் எழுதுகிறது, குடியாத்தத்தில் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கிறார், பதிலுக்குத் தங்கை கிருத்திகாவிடம் சொல்லி ஒரு வரி அடிக்கச் சொல்கிறார், சரி, சாப்டியா, அவ்வளவுதான் எப்போதும். மைக் படத்தைத் தொட்டேன். "அப்பா, டெஸ்ட்டுக்கு வந்திருக்கேன், சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, கவலப்படாதீங்க." எழுதிவிட்டது. அனுப்பவில்லை, அழித்தேன், அவர் எங்கே கவலைப்பட்டார், அவருக்கு டெஸ்ட் இருப்பதே தெரியாதே. மறுபடி தொட்டேன், இந்த முறை என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமலே வாய் சொன்னது, "அப்பா, எனக்கு எடது காது கேக்கல. எட்டு மாசமா கேக்கல. இவங்க கண்டுபிடிச்சிட்டா என்ன பண்றதுன்னு தெரியல." முணுமுணுப்பாகத்தான் சொன்னேன், அப்படித்தான் நினைத்தேன். தலையைத் தூக்கினால் வராந்தா முழுவதும் என்னைப் பார்க்கிறது, குழந்தையை மடியில் வைத்திருந்த பெண், கவுண்டரில் பேனாவைத் தூக்கியபடி நிற்கிற பெண், எல்லோரும், பதினைந்தாம் டோக்கன் பெரியவர்கூட. அவருக்கே கேட்டிருக்கிறது. நான் கத்தியிருக்கிறேன். என் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று எனக்கே தெரியாமல் போய் எத்தனை நாளாயிற்று? ஒத்திகையில் யாராவது சிரித்திருப்பார்களா? பெரியவர் மட்டும் முன்னால் குனிந்து, "எனக்கும் அதே பக்கந்தாம்பா, ஆனா எனக்கு எழுவத்திரண்டு" என்றார், ஆறுதலா, குத்தலா, அவர் முகத்தில் இரண்டும் இல்லை. அழித்தேன். கடைசியில் அப்பா என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது, அதையும் அழித்தேன்.

அப்பா எத்திராஜ், குடியாத்தத்தில் மைக் செட் எத்திராஜ் என்றால் தெரியும், கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர், இப்போது ஆள் உயரப் பெட்டிகளாக அடுக்கி டி.ஜே. வைக்கிறார், தொழில் நன்றாகத்தான் ஓடுகிறது, காதுதான் ஓடவில்லை. ஆனால் அப்பாவுக்குக் காது கேட்காது என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, டி.வி.யை ஏற்றி வைப்போம், உரக்கப் பேசுவோம், அவ்வளவுதான், புதிதாக வருகிறவர்கள் இந்த வீட்டில் ஏன் எப்போதும் சண்டை என்று பார்ப்பார்கள். ஆறேழு வயதில் ஒரு தேர்தல் ஆட்டோவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் சுற்றினேன், தலைக்கு நேர் மேலே குழாய், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். அவர் என் கைகளை எடுத்துவிட்டார், கோபமாக இல்லை, சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிற மாதிரி, "பழகிடும்டா" என்றார். பழகிவிட்டது. இது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது?

என் வேலை என்ன என்று கிருத்திகாவுக்கு இன்றுவரை விளங்க வைக்க முடியவில்லை, "அப்பா பண்றதுதானேண்ணா, நீ ஏசில நின்னுட்டுப் பண்ற" என்பாள். அப்பா ஊருக்கே சத்தம் வைக்கிறார், நான் ஒருத்திக்கு வைக்கிறேன். கூட்டம் கேட்கிற பாட்டு மேடையில் நிற்கிற நிக்கோலுக்குக் கேட்காது, அவள் காதை அச்செடுத்துச் செய்த சின்னக் கருவி இரண்டு பக்கமும், இன்-இயர் என்போம், அதற்குள் அவள் குரல், கிட்டார், டிரம்ஸ், தாளம் தவறாமலிருக்க ஒரு டிக் டிக், இதில் எது எவ்வளவு என்று மேடையோரம் மிக்ஸரில் நின்று முடிவு செய்கிறவன் நான். அதே சத்தம் என் காதிலும் போகும். அதுதான் இந்தத் தொழிலின் முறை, அவள் இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, என் இடுப்பில் ஒரு பெட்டி, இரண்டிலும் வால்யூம் திருகை ஒரே கோட்டில் வைத்து மேலே கறுப்பு டேப் ஒட்டிவிடுவேன், ஆடும்போது கை பட்டு நகரக்கூடாது, நகர்ந்தால் அவள் கேட்பது வேறு, நான் கேட்பது வேறு, அப்புறம் நான் அங்கே நிற்பதற்கே அர்த்தமில்லை. சேர்ந்த புதிதில் அவளை அக்கா என்று கூப்பிட்டேன், "அக்கான்னு கூப்ட்டா உதைப்பேன், இருபத்தாறுதான்டா ஆவுது எனக்கு" என்றாள், ஆஸ்டின் டவுன் தெருவில் பையன்களோடு கிரிக்கெட் ஆடி வளர்ந்தவள், இடதுகைப் பந்து, இன்றைக்கும் டீ கிளாஸ், பேனா, காதில் போன், எல்லாம் இடது கைதான். முதல் கச்சேரி முடிந்து இறங்கி வந்து அந்த இடது கையால் என் தோளில் ஒரு தட்டு தட்டினாள், "மேடைல முதல் தடவ தனியா இல்லாத மாதிரி இருந்துச்சுடா" என்றாள். மூன்று வருடம் ஆகிறது. அதைவிடப் பெரிதாக யாரும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை... எட்டு மாதம் முன்பு ஒரு கல்லூரி விழா, மத்தியான வெயில், சவுண்ட் செக், யாரோ சத்தம் ஓடிக்கொண்டிருந்த ஒயரைப் பிடுங்கினான், என் இடது காதுக்குள் ஒரு பட், ஆணி இறங்கிய மாதிரி. பாத்ரூமில் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். நிக்கோல் அப்போது இன்னும் கருவியை மாட்டவில்லை, நல்லவேளை, நல்லவேளை அவளுக்கு இல்லை, என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு நின்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"பதினாலு, கவியரசன்... கவியரசன் யாரு?" என்று இரண்டாவது முறை கூப்பிட்டது கேட்டது, முதல் முறை கூப்பிட்டதைப் பெரியவர் கையைக் காட்டித்தான் சொன்னார். பரிசோதிக்கிறவர் பெயர் லவினா, கோட்டில் குத்தியிருந்தது, என் வயதுதான் இருக்கும், சளி பிடித்த குரல், கன்னடம் கலந்த தமிழ். அலமாரி அளவுக்கு ஒரு அறை, சுவரெல்லாம் பஞ்சு, ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவரும் அவருடைய மெஷினும். "ஸ்வல்ப நேரா உக்காருங்க சார். ஹெட்போன்ல செவப்பு வலது, நீலம் எடது. எவ்ளோ சின்னதா கேட்டாலும் பட்டன அமுக்குங்க, கேக்கலன்னா சும்மா இருங்க, குத்துமதிப்பா அமுக்கக்கூடாது, ஆய்த்தா?" ஆய்த்து மேடம் என்றேன், எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, அவர் லேசாகப் பின்வாங்கினார். கதவு மூடியது. அமைதி. மற்றவர்களுக்கு இங்கே அமைதி, எனக்கு ஊரிலேயே சத்தம் அதிகமான இடம் இதுதான், பஸ் இல்லை, ஃபேன் இல்லை, மறைக்க எதுவும் இல்லை, இடது பக்கத்து டிரான்ஸ்பார்மர் மட்டும் ஊ என்று நிற்கிறது. வலதிலிருந்து ஆரம்பித்தார். ஆயிரம் ஹெர்ட்ஸ், இரண்டாயிரம், நான்காயிரம், ஒவ்வொரு சுருதியையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும், கீழே கீழே போய் நூல் மாதிரி மெலிகிறவரை கேட்டது, அமுக்கினேன், கேட்டது, அமுக்கினேன், இவ்வளவு நல்ல காது என்று எனக்கே ஒரு கர்வம் வந்தது, ஒரு நிமிஷம் எட்டு மாதமும் கனவு என்று தோன்றியது.

இடது. ஆயிரம் வந்தது, கொஞ்சம் தூரத்திலிருந்து வந்தது, அமுக்கினேன். இரண்டாயிரம், வந்ததா, வந்த மாதிரி இருந்தது. நான்காயிரம்... ஒன்றுமில்லை. டிரான்ஸ்பார்மர். பட்டன் மேல் கட்டைவிரல். சும்மா இரு, அவர் சொன்னாரே, கேட்கவில்லை என்றால் சும்மா இரு, இதைவிட எளிதான வேலை உலகத்தில் உண்டா, சும்மா இருந்தால் போதும், உண்மை தானாக வரைந்துகொள்ளும். கண்ணாடியில் பார்த்தேன். லவினா என்னைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்துக் குனிந்திருந்தார், மெஷினின் விளக்கு தெரியாதபடி அவர் உடம்பு மறைத்தது, ஆனால் வலது மணிக்கட்டில் ஒற்றை வளையல், சத்தம் அனுப்ப விரல் அழுந்தும்போதெல்லாம் அந்த வளையல் அரை விரற்கடை இறங்கி ஏறியது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது, மூன்று விநாடி? மேடையோரம் நின்று ஒருத்தியின் கழுத்து நரம்பைப் பார்த்தே அவளுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்கிறவனுக்கு வளையல் போதாதா. வளையல் இறங்கியது, அமுக்கினேன். அவர்கள் பண்ணுகிற முறையும் தெரியும், கேட்டால் சத்தத்தைப் பத்து டெசிபல் குறைப்பார்கள், கேட்காவிட்டால் ஐந்து ஏற்றுவார்கள், ஆகவே எல்லாவற்றுக்கும் அமுக்கக்கூடாது, நான்கு தடவை அமுக்கி ஒரு தடவை விட வேண்டும், இதுவும் ஒரு தாளம்தான். வளையல், அமுக்கு. வளையல், அமுக்கு. வளையல், அமுக்கு. வளையல், அமுக்கு. வளையல், விடு. குத்துமதிப்பு இல்லை மேடம், கணக்காக அமுக்குகிறேன்.

நேற்று டீ நேரத்தில், ஒத்திகை மண்டபத்தின் படிக்கட்டில், நிக்கோல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், கிளாஸை வாயருகில் வைத்துக்கொண்டு குடிக்காமல், "கவி, உனக்கு எப்பவாவது காதுல வண்டு மாதிரி சத்தம் வருமாடா, ஊ-ன்னு, நிக்காம" என்று கேட்டாள். வளையல், அமுக்கு. நான் என்ன சொன்னேன்? தூக்கம் இல்லாட்டி வரும், டூர் டென்ஷன், நிறையத் தண்ணி குடி என்றேன். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன், எட்டு மாதமாக எனக்கு நானே சொல்லிப் பழகிய வார்த்தைகள், தடங்கல் இல்லாமல் வந்தன. எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. அதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, சவுண்ட் வேலை பார்க்கிற எவனும் அதைத்தான் முதலில் கேட்பான், எந்தப் பக்கம், நாக்குநுனிவரை வந்தது, டீயோடு சேர்த்து விழுங்கினேன். ஏன்? வளையல், அமுக்கு. ஏன் என்று எனக்குத் தெரியாதா? பாட்டு தலையின் நடுவில் நிற்க வேண்டும், குரல் இரண்டு புருவத்துக்கும் மத்தியில், அதை அங்கே நிறுத்துவதுதான் என் வேலை, அந்தக் கல்லூரி விழாவுக்கு அடுத்த வாரம் அது என் தலைக்குள் வலது பக்கமாகச் சாய்ந்து நின்றது, நான் என்ன செய்தேன், இடது பக்கத்தை ஒரு கோடு ஏற்றினேன், நடுவுக்கு வந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி சாய்ந்தது. இன்னொரு கோடு. டிக் டிக் மங்கியது, அதை ஏற்றினேன். அளவுக்கு மேல் போகாமல் தடுக்க ஒரு வரம்பு வைத்திருப்போம், அது இடித்தது, வரம்பைத் தள்ளி வைத்தேன். எனக்குச் சாய்ந்தது, எனக்கு மங்கியது, எனக்கு... அவளுக்கு எதுவும் சாயவில்லையே. வளையல் இறங்கியிருக்கிறது, விட்டுவிட்டேன், பரவாயில்லை, ஒன்று விட வேண்டியதுதான்.

புது ஆல்பத்துக்கு ஒத்திகை ஆரம்பித்த முதல் வாரம் அவள் சொன்னாள். அதை மறந்துவிட்டேன் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன், மறக்கவில்லை. பாட்டு நடுவில் நிறுத்தி, மைக்கிலேயே சொன்னாள், "கவி, கொஞ்சம் கொறைடா, சுருக்குன்னு குத்துது." என் பெட்டியில் கேட்டுப் பார்த்தேன், குத்தவில்லை, அழகாக இருந்தது. "இல்ல நிக்கோல், இதான் கரெக்ட்" என்றேன். அவள் கை இடுப்புக்குப் போனது, பெட்டியின் மேல் டேப்பை நகத்தால் கிளப்பப் பார்த்தாள், நான் மேடைக்கு ஏறிப் போய் அவள் விரலைப் பிடித்து எடுத்துவிட்டேன், கோபமாக இல்லை, "டேப்ப எடுத்தா நீ என்ன கேக்கறேன்னு எனக்குத் தெரியாம போய்டும், அப்புறம் நான் எப்படி உன்னப் பாத்துக்கறது, ரெண்டு நாள்ல பழகிடும்" என்றேன். அவள் என்னை ஒரு விநாடி பார்த்தாள், "சரிப்பா ராசா, நீ சொன்னா சரி" என்று சிரித்துவிட்டு முதலிலிருந்து பாடினாள். இரண்டாவது வாரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. போன மாதம் அவளாகவே, "அந்த டிக் டிக் கொஞ்சம் அடங்கிக் கேக்குது, ஏத்தேன்" என்றாள், ஏற்றினேன், சந்தோஷமாக ஏற்றினேன், பார்த்தாயா நான் சொன்னேனே என்று... வளையல், அமுக்கு. வளையல், அமுக்கு. கட்டைவிரல் தானாகச் செய்கிறது, நான் அதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம். அறைக்குள் வேறு யாரும் இல்லை, பூட்டும் இல்லை, பட்டனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கதவைத் தட்டியிருக்கலாம்.

"முடிஞ்சுது சார்" என்று கதவைத் திறந்தார் லவினா. காகிதத்தை மேஜை மேல் திருப்பிக் காட்டினார், சிவப்புக் கோடு ஒன்று, நீலக் கோடு ஒன்று, இரண்டும் மேலே, ஒழுங்காகப் பக்கத்துப் பக்கத்தில், நீலம் சிவப்பைவிடக் கொஞ்சம் மேலே இருந்தது. அவர் பேனாவை நீலத்தின் மேல் வைத்து எடுத்தார். "மேடை வேலைன்னு எழுதியிருக்கீங்க. மேடை வேலைல இருக்கவங்களுக்கு நாலாயிரத்துல எப்பவும் ஒரு பள்ளம் இருக்கும். உங்களுக்கு எடது பக்கம் வலது பக்கத்த விட நல்லா வந்திருக்குது." என் முகத்தைப் பார்த்தார். நான் வளையலைப் பார்த்தேன். "டயம் இருக்குது, வேணும்னா எடது மட்டும் இன்னொரு தடவ பண்ணிடலாமா?" எவ்வளவு மெதுவாகக் கேட்டார், அவ்வளவு மெதுவாகக் கேட்டும் எனக்குக் கேட்டது, வலது பக்கம் நின்று கேட்டார் என்பதால் கேட்டது. ஒரு தலையாட்டல் போதும், சரி மேடம், அவ்வளவுதான், அப்புறம் டெஸ்மண்டின் முகம், கிருத்திகா தெருவெல்லாம் சொல்லி வைத்திருப்பது, எங்கள் வீட்டின் முதல் பாஸ்போர்ட் பிஸ்கட் டப்பாவிலிருந்து தனியாக வெளியே எடுக்கப்படுவது... "வேணாம் மேடம், வெளிய பெரியவர் ரொம்ப நேரமா வெயிட் பண்றாரு" என்றேன். நல்லவன் போலச் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார், முத்திரை விழுந்த சத்தம் ஒரு பக்கமாகத்தான் கேட்டது. வெளியே பெரியவர் எழுந்து நின்றார், "என்னப்பா சொன்னாங்க?" "நார்மல்." அவர் என்னையும் தாளையும் பார்த்தார், "அப்ப நல்ல டாக்டர்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பஸ் ஸ்டாப் நிழலில் நின்று தாளைப் போட்டோ எடுத்து டெஸ்மண்டுக்கு அனுப்பினேன், அனுப்பிவிட்டேன், இரண்டு நீல டிக் விழுந்தது, கட்டைவிரலுக்கு இன்னும் பட்டன் ஞாபகம் போகவில்லை. "சூப்பர் மேன்" என்று அவரிடமிருந்து உடனே பதில், "நிக்கோலுக்கும் அனுப்பிட்டேன், அவளுக்குத்தான் இது ரொம்ப வேண்டியிருந்தது." அவளுக்கா? அவளுக்கு எதற்கு என் தாள்? தப்பாக எழுதிவிட்டாரா, வேறு யாருக்கோ எழுதியதா, நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது போன் அதிர்ந்தது, நிக்கோல். வலது காதில் வைத்தேன். "டேய், நார்மலாம்ல, அப்பாடா" என்றாள், குரலில் அப்படி ஓர் இளக்கம், அழுதிருப்பாளோ. "நான் ரெண்டு வாரமா செத்துட்டிருக்கேன்டா. இந்த வண்டுச் சத்தம் மேடைச் சத்தத்தாலதான் வந்துச்சோன்னு. டெஸ்ட்டுக்குப் போகவும் பயம், பாடறவளுக்குக் காதுல கோளாறுன்னு ஒரு தாள் வெளிய போச்சுன்னா அவ்ளோதான், டூரே நின்னுடும். டெஸ்மண்டுகிட்ட மட்டும் சொன்னேன். அவர்தான் சொன்னாரு, நீங்க ரெண்டு பேரும் ஒரே சத்தத்தத்தானே கேக்கறீங்க, அவன் டெஸ்ட் வரட்டும், அவனுக்கு ஒண்ணும் இல்லன்னா உனக்கும் ஒண்ணும் இல்லன்னு. கரெக்ட்தானே? நீ கேக்கறதத்தானே நான் கேக்கறேன்?" பஸ் ஒன்று வந்து நின்றது, கன்னடத்தில் யாரோ யாரையோ முன்னால் நகரச் சொன்னார்கள், ஏறுகிறவர்கள் ஏறினார்கள். தாள் என் கையில், நீலக் கோடு மேலே. அவள் டெஸ்ட்டுக்குப் போகமாட்டாள். ஏழு வாரம், பதினொரு ஊர், தினமும் இரண்டு மணி நேரம், டேப்பை நான் ஒட்டுவேன். "நிக்கோல்" என்றேன், "எந்தப் பக்கம்..."

"இரு இரு, இந்தக் காதுல வெச்சா போன்ல ஒண்ணும் வெளங்கல இப்பல்லாம், மாத்திக்கறேன்" என்றாள். போன் கைமாறுகிற சத்தம், தோடு அதில் உரசுகிற சத்தம், எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம், எட்டு மாதமாக நானும் தினமும் மாற்றிக்கொள்கிறேன், தோடு மட்டும்தான் இல்லை. டீ கிளாஸ், பேனா, போன், எல்லாம் இடது கை. இப்போது வலது கைக்கு மாற்றியிருப்பாள். கேள்வி கேட்காமலே பதில் வந்துவிட்டது. "ம், இப்ப சொல்லு." சொன்னேன், அந்தத் தாள் பொய், எனக்கு எடது காது கேக்கல, உன் பெட்டில இருக்கற டேப்ப பிச்சுப் போடு, இன்னைக்கே டெஸ்ட்டுக்குப் போ, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன், தொண்டை வலிக்கச் சொன்னேன், அப்படித்தான் நினைத்தேன். பக்கத்தில் ஒரு பெண் பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து உரித்துக்கொண்டிருந்தாள். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் ஒரே போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "ஹலோ, கவி? லைன்ல இருக்கியாடா? ஒண்ணுமே கேக்கல" என்றாள் நிக்கோல். நான் சுற்றிலும் பார்த்தேன். இந்த முறை யாரும் திரும்பிப் பார்த்திருக்கவில்லை.